உதவித்தொகை நிற்கும் மாதமும் ஆய்வேடு முடியும் மாதமும்

கேள்வி உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சியுடையது. வயது 27. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, பேராதனையில் விஞ்ஞான முதுமாணி முடித்து, இப்போது தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறார். மகாவலி ஆறு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் பசளை, அங்கே கடலடி வண்டலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் (PhD) எடுக்க ஆசை. கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகம் அனுமதி தந்திருக்கிறது. வருடக் கட்டணம் 26,000 பவுண், அதில் பாதி கழிவு, வேறு உதவி எதுவும் இல்லை. ஜேர்மனியில் பால்டிக் கடல் வண்டலில் நைதரசன் பற்றிய ஒரு திட்டத்தில் மூன்று வருட வேலை ஒப்பந்தம், 65 சதவீதச் சம்பளம்; அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. மூன்றாவது, இங்கேயே பதிந்து, வேலையையும் பார்த்துக்கொண்டு செய்வது. அப்பா நிலாவெளிப் பக்கம் இருக்கும் காணியை ஈடு வைத்தாவது பிரித்தானியாவுக்கு அனுப்புகிறேன் என்கிறாராம். "காசை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிறகு வருந்துவேனா அக்கா?" என்று கேட்கிறார்.

காசைப் பார்க்காமல் முடிவெடுத்தால்தான் வருந்துவீர்கள், தங்கச்சி. ஆனால் நம் ஆட்கள் அநேகமாகப் பார்ப்பது கட்டணத்தையும் கழிவையும். நான் பார்க்கச் சொல்வது இரண்டு திகதிகளை. காசு வருவது எந்த மாதத்தில் நிற்கும்? அந்த ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் உண்மையில் எந்த மாதத்தில் ஆய்வேட்டைக் கையளிக்கிறார்கள்? இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம் விழுகிறதோ, அதுதான் உங்கள் படிப்பின் விலை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2013 ஒக்டோபரில் முழுப் புலமைப்பரிசிலோடு இங்கிலாந்து போனேன். கட்டணம் இல்லை, மாதாமாதம் காசு, விமானச்சீட்டும் அவர்களே. உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்து வாழ்த்தாத சொந்தக்காரர் இல்லை. கடிதத்தில் 36 மாதம் என்று இருந்தது. மூன்று வருடப் படிப்புக்கு மூன்று வருடக் காசு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். எனக்கு முன்னர் அந்தக் கூடத்தில் இருந்த நான்கு பேரில் ஒருவர்கூட 36 மாதத்தில் முடிக்கவில்லை. கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை. முதல் வருடத்தில் ஒரு கருவி பழுதாகி ஏழு மாதம் கிடந்தது. இரண்டாம் வருடத்தில் எடுத்த மாதிரிகளில் பாதி வீண். 2016 செப்டெம்பரில் கடைசித் தவணை கணக்குக்கு வந்தது. நான் ஆய்வேட்டைக் கையளித்தது 2017 நவம்பரில்.

நடுவில் பதினான்கு மாதம். எழுதி முடிக்கும் காலத்துக்கென்று பல்கலைக்கழகம் தனியாக ஒரு கட்டணம் வாங்கியது. வீசாவை நீடிக்க வேண்டியிருந்தது. அறை வாடகை நிற்கவில்லை. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் கிழமைக்கு 20 மணித்தியாலம் பாத்திரம் கழுவினேன். அதற்கு மேல் வேலை செய்ய வீசாவில் இடமில்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு கடையில் மீந்த பாணுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; ஒரு பவுண் பாண் முப்பது பென்சுக்கு வரும். அந்த நேரம் பார்த்துப் போக நாலாம் அத்தியாயத்தைப் பாதியில் மூடிவைத்த நாட்கள் உண்டு. வீசா நீடிப்புக்கு அம்மாவின் காப்பு இரண்டு அடைவுக்குப் போனது. அதை மீட்டது 2019இல். அடைவுத் துண்டின் பிரதி இன்றைக்கும் என் ஆய்வேட்டின் பின்னட்டைக்குள் இருக்கிறது. 'இலவசமாக' படித்தவளின் கணக்கு இது.

அதனால் உங்கள் மூன்று வழியையும் அந்த இரண்டு திகதிகளை வைத்தே பார்ப்போம்.

பிரித்தானியாவை எடுங்கள். பாதிக் கழிவு போக வருடம் 13,000, மூன்று வருடத்துக்கு 39,000 பவுண். வாழ்க்கைச் செலவுக்கு வீசா அதிகாரிகளே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,136 பவுண், இது 2025 ஜனவரி முதல் நவம்பர் வரை இருந்த தொகை, பிறகு கூட்டிவிட்டார்கள்; இந்தத் தொகைக்கே கணக்குப் பார்ப்போம். 36 மாதத்துக்குக் கிட்டத்தட்ட 41,000. சுகாதார மேலதிகக் கட்டணம் மாணவருக்கு வருடம் 776 பவுண், அதை வீசா விண்ணப்பத்தோடு முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே ஒரேயடியாகக் கட்ட வேண்டும். மூன்று வருடப் படிப்புக்கு வீசா மூன்றரை வருடக் கணக்கில் வருவதால் 2,716. வீசாவுக்கு 2025 கணக்கில் 524. எல்லாம் கூட்டினால் 83,000 பவுணைத் தாண்டுகிறது. ஒரு பவுணை 400 ரூபாய் என்று வைத்தால் மூன்று கோடி முப்பத்திரண்டு இலட்சம். விமானச்சீட்டு இதில் இல்லை. நாலாம் வருடமும் இல்லை. அந்த வருடத்தின் சாப்பாடு வாடகைக்கு மட்டும் இன்னும் ஐம்பத்து நாலு இலட்சம் வைக்க வேண்டும். இந்த வழியில் காசு 'நிற்கும் மாதம்' என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் அது ஆரம்பிக்கவே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள்: ஆய்வுகூடக் கட்டணம் உண்டா? விஞ்ஞானப் பாடங்களில் படிப்புக் கட்டணத்துக்கு மேலே இரசாயனம், கருவி நேரம், கள வேலை என்று வருடாவருடம் ஒரு தொகையை வாங்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கொட்டியாரக் குடாவில் மாதிரி எடுக்க நீங்கள் வந்து போகும் செலவும் படகுக் கூலியும் யார் தலையில் என்பதையும் அங்கேதான் தேட வேண்டும்.

"வேலை செய்து சமாளிக்கலாம் என்று சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப்படி அதில் பொய்யில்லை. 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண். கிழமைக்கு 20 மணித்தியாலம் என்றால் மாதம் ஆயிரத்துச் சொச்சம் வரும், வாடகை சாப்பாட்டுக்கு ஏறக்குறையக் காணும். ஆனால் கிழமைக்கு 20 மணித்தியாலம் கையை நனைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று வருடப் படிப்பு நாலரை வருடமாக நீளும், நீண்ட ஒன்றரை வருடத்துக்கும் அதே பாத்திரங்கள்தான் சோறு போட வேண்டும். எழுதுவதற்கு நான் பட்ட பாட்டை, ஆய்வு செய்யும் காலத்திலேயே நீங்கள் படுவீர்கள்.

இதில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. விஞ்ஞானத்தில் கலாநிதி மாணவர் என்பவர் அந்தக் கூடத்தின் வேலையாள். தரவு எடுப்பவர், கட்டுரை எழுதுபவர், இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவர். பிரித்தானியாவில் ஆய்வுச் சபைகளின் உதவித்தொகையில் வெளிநாட்டு மாணவரின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு இருப்பதால், நல்ல பிள்ளைகளுக்கும் அங்கே கைவிரிக்கிறார்கள். அது உண்மை, உங்கள் திறமையில் குறையில்லை. ஆனாலும் உங்களை எடுக்க விரும்பும் பேராசிரியரிடம் உங்கள் வேலைக்கென்று ஒரு சதமும் இல்லை என்றால், உங்கள் இரசாயனத்துக்கும் அவரிடம் காசு இருக்காது. கட்டணக் கழிவு பல்கலைக்கழகத்தின் சந்தைப்படுத்தல் பிரிவு தருவது; ஆய்வுக் காசு மேற்பார்வையாளர் போட்டியில் வென்று கொண்டுவருவது. இரண்டும் ஒரே வகைக் காசு இல்லை.

ரூபாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360. என் தோழி ஒருத்தி அப்போது மலேசியாவில் சொந்தக் காசில் இரண்டாம் வருடம். இங்கிருந்து கணவர் ரூபாயில் சேர்த்து அனுப்பிய காசு, அங்கே போய்ச் சேரும்போது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. பல்கலைக்கழகம் கட்டணத்தை ஒரு சதம் கூட்டவில்லை. ஆனாலும் அவளுக்குக் கட்டணம் இரட்டிப்பானது போலத்தான். ஒரு தவணை பிந்தியது, பிறகு பதிவு இடைநிறுத்தம், பிறகு அவள் திரும்பவேயில்லை. ரூபாயில் உழைத்து வெளிநாட்டுக் காசில் மூன்று நாலு வருடம் கட்டுவது என்பது நாணய மாற்று விகிதத்தின் மேல் பந்தயம் கட்டுவது. அதற்கு அப்பாவின் காணி பிணை.

ஜேர்மன் வழிக்கு வருவோம். அங்கே அரச பல்கலைக்கழகங்களில் கலாநிதி ஆய்வாளருக்குப் பொதுவாகப் படிப்புக் கட்டணம் கிடையாது. அரையாண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை, பல இடங்களில் பஸ் ரயில் அட்டையும் அதற்குள் அடங்கும். உங்களுக்கு வந்திருப்பது வேலை ஒப்பந்தம். 65 சதவீதம் என்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அங்கே அது வழக்கம்: கிழமைக்கு ஏறத்தாழ 26 மணித்தியாலத்துக்குச் சம்பளம், வேலை என்னவோ முழு நேரம். வரியும் காப்புறுதிகளும் போகக் கையில் மாதம் 2,000 யூரோவுக்குக் கிட்ட வரும். சின்ன நகரம் என்றால் வாடகை போகவும் மிஞ்சும். மியூனிக் என்றால் அவ்வளவு மிஞ்சாது.

சம்பளம் என்ற சொல்லைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். உதவித்தொகை கைக்கு வருகிற காசு மட்டும். சம்பளத்தோடு சுகாதாரக் காப்புறுதி, ஓய்வூதியப் பங்களிப்பு, வேலையின்மைக் காப்புறுதி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் வயதில் யாரும் வெளிப்படையாகக் கேட்காத ஒன்றும் வரும்: பிள்ளை பிறந்தால் முன்னே 6 கிழமை, பின்னே 8 கிழமை, சம்பளத்தோடு விடுமுறை. கலியாணத்தை எப்போது வைப்பது என்று உங்கள் வீட்டில் எப்படியும் பேச்சு நடக்கும், நடக்காத வீடு நம்மூரில் இல்லை. சொந்தக் காசில் படிப்பவருக்கு அந்த 14 கிழமையும் வீசாவை ஓட்டிக்கொண்டு கையிருப்பைத் தின்னும். ஒப்பந்தக்காரிக்கு அது உரிமை. இதைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விட்டால் கணக்குப் பிழை.

ஆனால் அங்கேயும் இரண்டு திகதிகள் இருக்கின்றன. ஒப்பந்தம் மூன்று வருடம். ஜேர்மனியில் விஞ்ஞானப் பாடங்களில் நாலு வருடம் எடுப்பது சாதாரணம். அந்த நாலாம் வருடத்துக்கு என்ன வழி என்று கையெழுத்திட முன்னர் கேட்க வேண்டும். சில பேராசிரியர்கள் வேறு திட்டத்திலிருந்து ஆறு மாதம் ஒட்டுப்போடுவார்கள். பல பல்கலைக்கழகங்களில் முடிப்பு உதவித்தொகை என்று சில மாதத்துக்கு ஒன்று உண்டு. சிலர் 'பார்ப்போம்' என்பார்கள். 'பார்ப்போம்' என்றால் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். நம் ஊரில் பேராசிரியரிடம் காசு பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு; அங்கே கேட்காமல் வருபவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் மூன்று வரி போதும்: உங்களிடம் கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை மாதத்தில் கையளித்தார்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், இடையில் விட்டுப் போனவர் யாராவது உண்டா. அதே கேள்விகளை அங்கே இப்போது இருக்கும் ஒரு மாணவருக்கும் தனியாக அனுப்புங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வழி நான் பிந்தித்தான் கண்டுபிடித்தேன், செலவே இல்லாதது. பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. உங்கள் மேற்பார்வையாளரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை இறக்கி நன்றியுரைப் பக்கத்தை மட்டும் வாசியுங்கள். காசு யார் தந்தது, எத்தனை இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். மேற்பார்வையாளருக்கு ஒன்றரை வரி நன்றி, பக்கத்துக் கூடத்துப் பேராசிரியருக்கு ஒரு பந்தி நன்றி என்றால் அங்கே என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். பிறகு அவர்களின் லிங்க்ட்இன் பக்கத்தில் தொடங்கிய வருடத்தையும் முடித்த வருடத்தையும் பாருங்கள். ஒரு பின்னேர வேலை. நான் 2013இல் இதைச் செய்திருந்தால் அம்மாவின் காப்பு கையிலேயே இருந்திருக்கும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அப்பாவின் மனதில் இருப்பது அதுதான். 'பெரிய யூனிவர்சிற்றி' என்று பிரதான வீதியில் நாலு பேரிடம் சொல்லலாம். இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வரப்போகிறீர்கள் என்றால் அந்தப் பெயருக்கு நீங்கள் நினைக்கும் அளவு விலை இல்லை. நேர்முகத்தில் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா, என்ன வெளியிட்டிருக்கிறீர்கள், எந்தக் கருவியில் கை ஓடும் என்று பார்ப்பார்கள். அங்கீகாரம் மட்டும் கறார்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைச் சர்வதேசப் பட்டியல்களில் பார்த்துத்தான் ஏற்கிறது. ஒன்றரை வருடத்தில் இணையவழிக் கலாநிதி, ஐந்து இலட்சம் மட்டும் என்று முகநூலில் வரும் விளம்பரங்கள்தான் உலகத்திலேயே விலைகூடிய படிப்பு. ஐந்து இலட்சமும் போய், பெயருக்கு முன்னால் போடவும் முடியாது. வெளிநாட்டிலேயே வேலை தேடப்போகிறீர்கள் என்றால் பெயருக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதுவும் மூன்று கோடிக்கு இல்லை.

பால்டிக் பற்றி உங்களுக்கு ஒரு மனக்குறை இருப்பது கடிதத்தில் தெரிகிறது: நம் கடலை விட்டு யாரோ கடலை ஆராய்வதா என்று. பால்டிக் என்பது சுற்றிவர வயல்களும் நகரங்களும் உள்ள, வாசல் குறுகிய கடல். பசளை நீர் வந்து சேர்ந்து, அடியில் ஒட்சிசன் குறைந்து, உலகத்தில் மிக விரிவாக ஆராயப்பட்ட கடல்களில் ஒன்று. நீங்கள் கேட்க விரும்பும் கேள்விக்கு அளவெடுக்கும் முறைகளில் பல அங்கே செய்து பார்க்கப்பட்டவை. வண்டலில் நைதரசன் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும் கை உங்களுக்கு வந்துவிட்டால், கொட்டியாரக் குடா எங்கும் ஓடிவிடாது. கிண்ணியாவிலிருந்து படகெடுத்து மூதூர்ப் பக்கம் போகிற அந்தக் கடல் நாலு வருடம் கழித்தும் அங்கேதான் இருக்கும். முடிந்தால் ஒரு அத்தியாயத்தை இங்கே செய்ய இடமுண்டா என்று இப்போதே கேளுங்கள். இங்கே ஒரு விரிவுரையாளரை இணை மேற்பார்வையாளராகச் சேர்ப்பதை அநேகமானோர் மறுக்கமாட்டார்கள்.

உள்ளூர் வழியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, தோற்றவர்கள் போகும் இடம் மாதிரி. அது பிழை. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். பேராதனையில் எடுத்தாலும் யாழ்ப்பாணத்தில் எடுத்தாலும் அதே 12தான். பல இடங்களில் முதலில் முதுதத்துவமாணிக்கு (MPhil) பதிந்து, வேலை நன்றாகப் போனால் கலாநிதிக்கு உயர்த்துவார்கள். கட்டணம் ரூபாயில். தேசிய விஞ்ஞான மன்றம் அல்லது தேசிய ஆராய்ச்சிச் சபையின் நிதி உள்ள மேற்பார்வையாளரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் கொடுப்பனவும் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் நான் பிரித்தானியாவை விட அதைத்தான் எடுப்பேன். கிடைக்காமல், வேலைக்குப் போய்க்கொண்டு பகுதிநேரமாகச் செய்வதென்றால் யோசிக்க வேண்டும். அங்கே காசு நிற்கும் திகதி இல்லை, ஆனால் முடியும் திகதியும் இல்லை. பரீட்சை வினாத்தாள் திருத்துவதில் ஒரு மாதம், வேலைநிறுத்தத்தில் ஒரு மாதம், கருவிக்குக் கண்டி போய்வருவதில் ஒரு மாதம் என்று எட்டு ஒன்பது வருடம் இழுத்தவர்களை எனக்குத் தெரியும். முடிவில் பதவி உயர்வில் பின்தங்கிய வருடங்களின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால் அதுவும் மலிவு இல்லை.

பாடம் மாறினால் என் பதிலும் மாறும். கோணேசபுரியில் சித்த மருத்துவம் படித்த ஒரு பிள்ளை கேட்டிருந்தால் தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். திருக்கோணேச்சரத்துக் கல்வெட்டை ஆராயும் பிள்ளைக்கு யாழ்ப்பாணமும் தமிழ்நாடும் கொடுப்பதை இலண்டன் கொடுக்காது. இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக இலங்கை மாணவருக்கு வரும் புலமைப்பரிசில்களும் உண்டு. அவர்களுக்கு மலிவானதும் சிறந்ததும் ஒரே இடத்தில் இருக்கிறது. உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான்.

மற்ற நாடுகளையும் கேட்டிருந்தீர்கள். அவுஸ்திரேலியாவில் ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின் உதவித்தொகை 2025இல் அடிப்படை வருடம் 33,511 டொலர். சிட்னியில் அதில் பெரும்பகுதியை வாடகை விழுங்கும், டவுன்ஸ்வில்லில் ஓரளவு மூச்சு விடலாம், கடல் ஆய்வுக்கும் அது நல்ல ஊர். ஜப்பான் அரசாங்கப் புலமைப்பரிசில் கலாநிதிக்கு மாதம் 145,000 யென். சின்ன நகரத்தில் வாழப் போதும், வீட்டுக்கு அனுப்பப் போதாது. அமெரிக்காவில் ஐந்து வருடத்துக்கு எழுத்தில் உறுதி தரும் துறைகள் இருப்பதுதான் அதன் பலம். ஆனால் 2025இல் அரசாங்க ஆய்வு நிதி வெட்டுப்பட்டு, சில பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தன. விண்ணப்பித்தால் உதவித்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்று முதலில் பாருங்கள். ஒன்பதுக்கு என்றால் ஒவ்வொரு கோடையும் என் பதினான்கு மாதத்தின் ஒரு சின்னத் துண்டு.

கடைசியாக ஒன்று, எழுதக் கொஞ்சம் சங்கடம், ஆனாலும் எழுதுகிறேன். பாதியில் விட வேண்டி வந்தால்? சுகவீனம், மேற்பார்வையாளர் வேறிடம் போய்விடுவது, வீட்டில் ஒரு இழப்பு, அல்லது இது எனக்குச் சரிவரவில்லை என்று தெரிய வருவது. கெட்டிக்காரருக்கும் நடக்கிறது. ஜேர்மன் ஒப்பந்தத்தை விட்டால் வாங்கிய சம்பளம் உங்களுடையது, விமானச்சீட்டு மட்டும் நட்டம். அமெரிக்காவில் பல துறைகளில் ஒரு முதுமாணியோடு வெளியே வரலாம். பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாகி, சம்பளத்தோடு கற்கை விடுமுறையில் போனவர் விட்டால், திரும்பி வந்து வேலை செய்வதாக எழுதிக்கொடுத்த பொண்ட் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்திட்ட பிணையாளர்களின் வீட்டுக்கும் கடிதம் போகும். நீங்கள் தற்காலிகம் என்பதால் அந்தத் தலையிடி இல்லை. சொந்தக் காசில் பிரித்தானியா போய் இரண்டாம் வருடத்தில் விட்டால்? காணியும் இல்லை, பட்டமும் இல்லை, அப்பாவின் முகத்தைப் பார்க்கும் தைரியமும் இல்லை. அந்தத் தைரியம் இல்லாததாலேயே, விட வேண்டிய இடத்தில் விடாமல் இன்னும் இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொந்தக் காசு போடுவது எப்போதும் முட்டாள்தனம் என்று சொல்லவரவில்லை. நிரந்தர விரிவுரையாளர், இங்கே சம்பளம் ஓடுகிறது, அங்கே கட்டணம் முழுதும் கழிந்துவிட்டது, ஒரு வருட வாடகைதான் குறை என்றால் நானே கடன் கொடுப்பேன். நீங்கள் அந்த இடத்தில் இல்லை.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜேர்மனி, நாலாம் வருடத்துக்கு எழுத்தில் ஏதாவது ஒரு பதில் வந்தால். வராவிட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம்: மாதம் 150 யூரோ ஒதுக்கினால் மூன்று வருடத்தில் 5,400, சின்ன நகரத்தில் ஐந்தாறு மாதத்தைத் தள்ளலாம். அந்த ஒதுக்கலை முதல் சம்பளத்திலேயே தொடங்க வேண்டும், மூன்றாம் வருடத்தில் இல்லை.

பிரித்தானியப் பல்கலைக்கழகம் இம்மாதக் கடைசிக்குள் முற்பணம் கட்டச் சொல்லியிருக்கிறது என்றீர்கள். கட்டாதீர்கள், கூடுதல் அவகாசம் கேட்டு ஒரு வரி எழுதுங்கள், அநேகமாகத் தருவார்கள். இன்றிரவு ஜேர்மன் பேராசிரியருக்கும் அவருடைய மாணவர் ஒருவருக்கும் அந்த மூன்று கேள்விகளை அனுப்புங்கள். பதில் வந்ததும் அப்படியே எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து வாசிப்போம். அதுவரைக்கும் காணி உறுதியை அலுமாரியிலேயே வைக்கச் சொல்லுங்கள் அப்பாவிடம்.